ஒரு பக்கப் பேச்சு

அர்த்தநாரியும் குழந்தைவேலும் கூடப்பிறந்தவர்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற தொழில். அண்ணன் துளை போடுகிற ரிக் லாரியில் லீவரைப் பிடிப்பார். தம்பி கம்ப்ரசர் லாரியில் காற்றைக் கூட்டிக் குறைப்பான். இரண்டு லாரிகளுக்கும் நடுவே தடித்த ரப்பர் ஓஸ் ஒன்று ஓடும். அதில் போகிற காற்றுதான் பூமிக்குள் சுத்தியலை அடிக்கவைக்கும். ஆகவே அண்ணனும் தம்பியும் ஓயாமல் பேசிக்கொண்டாக வேண்டும். இவர்களோ அப்பன் செத்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது அவர்கள் கர்நாடகத்தில் ஒரு காட்டில் வேலையாக இருந்தார்கள். அப்பனுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஒரு நாமக்கல் லாரிக்காரர் சேதி கொண்டுவந்து அர்த்தநாரியின் காதில் போட்டார். பாதிக் குழியில் காற்றை நிறுத்தினால் கல்லும் மண்ணும் இறங்கிச் சுத்தியலைக் கவ்விக்கொள்ளும். தம்பிக்குத் தெரிந்தால் அந்த நிமிடமே எஞ்சினை அணைத்துவிட்டு ஓடுவான். தண்ணீர் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று அர்த்தநாரி வாயை மூடிக்கொண்டார். தண்ணீரும் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் கிடந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பன் மூஞ்சியப் பாத்திருப்பனேண்ணா" என்றான் குழந்தைவேல். அண்ணனிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பிறகு ஆண்டி பாடு திண்டாட்டமானது. ரிக்கில் எடுபிடி வேலைக்கு வந்தவன், இரண்டு லாரிக்கும் நடுவே தூது ஓடினான். "காத்தக் குறைக்கச் சொல்றாருங்க" என்று இங்கே வருவான். "முடியாதுங்கறாருங்க" என்று அங்கே போவான். தம்பி ஒன்று திட்ட, இவன் அதை மரியாதையாக மாற்றிச் சொல்ல, அண்ணன் இன்னொன்று திட்டுவார். வளர்ந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் இப்படிக் கூத்தடித்தால் தொழில் விளங்குமா?

அதனால்தான் எண்பத்தேழில் அந்தப் பெட்டிகள் வந்தன. அஸ்தம்பட்டியில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலைபார்த்த சாரதாமணி வந்து மாட்டிக்கொடுத்தாள். ரிக்கில் ஒரு பெட்டி, கம்ப்ரசரில் ஒரு பெட்டி, நடுவே ஒரு ஒயர். அழுத்தம் எத்தனை, ஆழம் எத்தனை என்று ரிக் பெட்டி ஒவ்வொரு இலக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். கம்ப்ரசர் பெட்டி அவற்றைச் சேர்த்துச் சிவப்பு எண்ணாகக் காட்டும்.

"இது ஒரு பக்கப் பேச்சுங்க. அது சொல்லும், இது கேக்கும். இதுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது" என்றாள். "ஒயர் உட்டுப்போச்சுன்னா கடைசியா வந்த நம்பரு அப்படியே நிக்கும். நம்பரு ஆடாம நின்னா எறங்கிப் போய் அண்ணனக் கேட்டுருங்க. சும்மா இருந்தராதீங்க."

"நம்பரு நின்னாப் பாத்துக்கலாம் அம்மிணி" என்றான் குழந்தைவேல்.

"அவனுக்கு வெளங்குச்சான்னு கேளுங்க அம்மிணி" என்றார் நாலடி தள்ளி நின்ற அர்த்தநாரி. சாரதாமணி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆண்டிக்கு ஓட்டம் நின்றது. கம்ப்ரசரில் அழுத்தம் காட்டுகிற பழைய மீட்டரின் முள் உடைந்தபோது அதை மாற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் குழந்தைவேல் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதை அனுப்புகிற கையையும் நினைத்துக்கொள்வான். எண் துடித்தால் அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று ஒரு நிம்மதி. கோபம் எப்போதோ வடிந்துவிட்டது. முதல் வார்த்தையை யார் பேசுவது என்பதுதான் பாக்கி.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் காட்டில் குழி பாதி இறங்கியிருந்தபோது எண் நின்றது.

குழந்தைவேல் பெட்டியைத் தட்டினான். ஆடவில்லை. ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்காமல் காற்றை நிறுத்தவும் முடியாது, சுத்தியல் மாட்டிக்கொள்ளும். இந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. இறங்கிப் போய், தோளைத் தொட்டு, "அண்ணா" என்று கூப்பிட வேண்டும். கால் கீழே இறங்கியது. முதல் வார்த்தையை நானா பேசுவது என்று தோன்றியது. ஆண்டி எங்கே என்று சுற்றிப் பார்த்தான். ஆண்டி கிணற்றடிக்குக் குடிதண்ணீர் எடுக்கப் போயிருந்தான். வந்துவிடட்டும், அவனையே அனுப்பலாம் என்று குழந்தைவேல் நின்றான். பாவி, நின்றான்.

அங்கே சுத்தியலைச் சேறு அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி பெட்டியைப் பார்த்துக் குறைத்துவிடுவான் என்று அர்த்தநாரி லீவரை விடாமல் பிடித்திருந்தார். அவர் தலைக்குப் பக்கத்தில் ஓஸின் மூட்டு வெடித்தது.

குழந்தைவேல் பாய்ந்து எஞ்சினை அணைத்துவிட்டு ஓடினான். காடே கப்சிப்பென்று ஆனது. அண்ணன் மண்ணில் கிடந்தார். கல்மாவு கண் இரண்டையும் அப்பியிருந்தது. இரண்டு காதிலும் ரத்தம். தம்பி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணா! அண்ணா, நானிருக்கறேன். அண்ணா!"

அர்த்தநாரி கையை நீட்டித் தடவினார். டீசல் பிசுக்கு ஒட்டிய சட்டை கையில் பட்டது. யாரென்று தெரிந்துகொண்டார்.

"எஞ்சின நிறுத்திப்போட்டயா சாமி? ஒரு சத்தமும் இல்ல. நல்லதாப் போச்சு" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "அன்னிக்கு நாஞ் சொல்லியிருக்கோணும். தப்புத்தான்டா."

"உடுங்கண்ணா! அதெல்லாம் உடுங்க!" குழந்தைவேல் அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினான். கிணற்றடியிலிருந்து ஆண்டி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

அர்த்தநாரியின் முகம் மெல்லக் கோணியது. காலைப் பிடித்த கையை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆண்டி, எப்பிடிச் சத்தமில்லாம உக்காந்திருக்கறான் பாரு. இப்பக்கூடப் பேச மாட்டீங்கறான். நீயாச்சும் அவங்கிட்டச் சொல்லு. ஒரே ஒருக்கா அண்ணான்னு கூப்பிடச் சொல்லு."

"கூப்பிடறாருங்க! கூப்பிட்டுட்டே இருக்கறாருங்க!" என்று அலறினான் ஆண்டி.

அர்த்தநாரி பதிலுக்குக் காத்திருந்தார்.