இடுப்பளவு வெட்டிய மரங்கள்

ஹுஸைஃபாவுக்கு வேலை கிடைக்க வேண்டுமானால் அவன் பத்து நிமிடம் விழாமல் இருக்க வேண்டும். மண்டபம் கடற்கரைப் பக்கத்து நீர்விளையாட்டுப் பள்ளி ஒன்று கேட்டது அவ்வளவுதான். வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோ, சனிக்கிழமைக்குள். எங்கள் பி.காம். பட்டத்தைப் பார்த்து இவ்வளவு குறைவாக இதுவரை யாரும் கேட்டதில்லை.

சாமான் கொஞ்சம்தான். ஒரு பலகை. அதன் அடியில் மூன்றடிக்கு இரண்டு விரல் குறைவாக ஒரு கம்பம், கம்பத்தின் நுனியில் சின்ன உலோகச் சிறகு. கையில் பிடிக்கக் காற்றடைத்த பெரிய துணிச்சிறகு. காற்று துணியைத் தள்ளும். வேகம் வந்ததும் அடிச்சிறகு பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஆள் அந்தரத்தில் போவதுபோல இருக்கும்.

"பட்டம் கட்டி இழுக்குத ஆட்டத்துல நூலு கரண்டு கம்பில மாட்டும்லே. இதுல நூலே கிடையாது. பயம் வந்தா கைய விட்டுரலாம். சுருட்டி பஸ்ல கொண்டு போலாம்" என்றான்.

"கெட்டது?"

"கை கடுக்கும். சிறகு ஒரு பக்கத்த மறைக்கும். வேற ஒண்ணுமில்ல."

சொல்லிக்கொண்டே சிறகின் வாரை மணிக்கட்டிலும் பலகையின் கயிற்றைக் கணுக்காலிலும் மாட்டிக்கொண்டான்.

குளம் குத்துக்கல்வலசைக்குப் பக்கத்தில். போன வாரம் தண்ணீர் குறைவு. கருவேலங்கட்டைகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. ஏலம் எடுத்து மரம் வெட்டியவர்கள் இடுப்பு வலிக்கும் என்று குனியாமல் வெட்டியிருந்தார்கள். அன்றைக்கு ஹுஸைஃபா இறங்காமல் திரும்பிவிட்டான்.

புதன்கிழமை குற்றாலத்தில் வெள்ளம், குளிக்கத் தடை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவர்கள் போலீஸ்காரரைப் பார்த்தபடி நின்றார்கள். வியாழன் காலை குளத்தில் ஐந்தடித் தண்ணீர். ஒரு கட்டைகூடக் கண்ணில் படவில்லை.

"நமக்காகத்தான் அருவி விழுது மாப்ள."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கண்ணுக்குத் தெரியாதது கிடையாது என்ற நம்பிக்கையில்தான் மூன்று வருடம் பரீட்சை எழுதினோம்.

செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்தது. அவன் எழும்பினான். நான் போனைப் பிடித்தேன். ஆறாவது நிமிடம், மடை திறக்கிற சொரிமுத்து அண்ணாச்சி வந்து பக்கத்தில் நின்றார்.

"பய அந்தரத்துல போதான்."

"அடியில கம்பம் இருக்கு அண்ணாச்சி."

"எம்புட்டு நீளம்?"

"மூணடிக்குக் கொஞ்சம் கம்மி."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "கட்டை மூணடி. தண்ணி அஞ்சடி. மேல எம்புட்டு மிச்சம்லே?"

இரண்டு. பி.காம். படித்ததால் எனக்கு அரை நிமிடம் ஆனது. எழும்பிப் போகும்வரை கம்பத்தில் பாதி வெளியே இருக்கும். அதனால்தான் இதுவரை தட்டவில்லை. காற்று தளர்ந்து பலகை இறங்கினால் தட்டும்.

நான் கத்தினேன். காற்று எதிர்த்திசையில் இருந்தது. கையை வீசினேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் சிறகு இருந்தது.

எட்டாவது நிமிடம் காற்று மூச்சு வாங்கியது. பலகை மெதுவாக இறங்கி, சட்டென்று நின்றது. அவன் நிற்கவில்லை. தலைகுப்புறப் போய் விழுந்தான்.

எழுந்தபோது தண்ணீர் அவன் மோவாயில் இருந்தது. அடிச்சிறகு கட்டையில் சிக்கிக்கொண்டதால் கயிறு காலை மேற்கே இழுத்தது. மறுபடி காற்று அடித்து, சிறகு அவன் கையைக் கிழக்கே இழுத்தது. மிதப்பதற்கு இருந்தது அந்தச் சிறகு ஒன்றுதான். காலை அவிழ்க்கக் கீழே போக வேண்டும், அதற்குச் சிறகை விட வேண்டும்.

விட்டான். சிறகு உருண்டு போனது. தலை மறைந்தது.

கயிற்றை அறுக்க அண்ணாச்சி இடுப்பு அரிவாளோடு இறங்கியிருந்தார். எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் எண்ணினேன். இருபத்திரண்டில் தலை வந்தது.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு ஏழு தையல். சாயந்திரம் சிறகையும் பலகையையும் அண்ணாச்சியே கொண்டுவந்து அவன் வீட்டு வாசலில் சாத்தினார்.

"எவ்வளவு வந்திருக்கு?" என்றான் ஹுஸைஃபா.

"எட்டு நிமிஷம் பத்து செகண்டு."

விட்டத்தைப் பார்த்தான். "அருவியில தடை எடுத்தாச்சா?"

போனில் பார்த்தேன். "இல்ல. நாளைக்கும் மழையாம்."

"அப்ப இன்னும் ஒரு அடி ஏறும். கட்டைக்கு மேல மூணடி நிக்கும். நம்ம கம்பம் அதுக்கு ரெண்டு விரல் கம்மி." இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். "சனிக்கிழமை காலையில போதும்லே."

அண்ணாச்சி வாசலிலிருந்தே சொன்னார்: "மரம் வெட்டுனது மூணு பேருலே. அதுல ஒருத்தன் நெட்டை."

ஹுஸைஃபா விரலை மடக்கவில்லை.