புளித்த இரை

"ஊதுங்கன்னா ஊத வேண்டியதுதானே, எதுக்குக் கதை..."

"ஊதினேன்லா! இப்பத்தானே ஊதினேன்..."

"ஊதினதுல அடிக்குதே, அது என்ன? பன்னீரா?"

"உம்பான், ஐவி! மீனுக்குப் போடுற உம்பான்! நாக்குல வச்சுப் பாத்தேன், அவ்வளவுதான். புளிச்சிருச்சா இல்லையான்னு..."

"மீனுக்குப் போடுறத நீங்க எதுக்குத் திங்கிறீங்க? நீங்க என்ன மீனா?"

"திங்கல. வச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டேன்."

"எங்க துப்புனீங்க?"

"சிங்க்குல."

"நான் கறி கழுவுற சிங்க்குலயா?"

மரியஜோசப் மனைவியின் முகத்திலிருந்து பார்வையைத் தரைக்கு இறக்கினார். இருவருக்கும் நடுவில், பின்கட்டு அடுப்படியின் சிமெண்டுத் தரையில், மூடி திறந்த பெயிண்ட் வாளி ஒன்று இருந்தது. தவிடு, ஊறிய ரொட்டித் துண்டுகள், அவித்த சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு எல்லாம் சேர்ந்த சேறு. மேலே சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. அதிலிருந்து கிளம்பிய கள்ளு வாசம் கொல்லைப்புற மாமரம் வரைக்கும் போயிருந்தது.

காலையில் எழுந்ததுமே ஐவிக்கு அந்த வாசம் வந்துவிட்டது. எங்கோ போத்தல் ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். பழைய இடங்களையெல்லாம் தேடினாள். அரிசி டின், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, தையல் மெஷினின் உறை. கடைசியில் அடுப்புக்கான கேஸ் தோம்புக்குப் பின்னால், சாக்கு போர்த்திய இந்த வாளி கிடைத்தது. அதைத் தூக்கி நடுவில் வைத்தபோதுதான் மனுஷன் உள்ளே வந்தார். ஊதச் சொன்னாள். ஊதினார். வாளியில் அடித்ததேதான் வாயிலும் அடித்தது.

ஊதுவது அந்த வீட்டில் ஒரு வழக்கம். போன வருஷம் தவக்காலத்துக்கு மரியஜோசப் குடியை நிறுத்தினார். வருஷா வருஷம் நிறுத்துவதுதான். ஈஸ்டர் பூசை முடிந்து கறிச்சோற்றுக்கு உட்காரும்போது மறுபடியும் கிளாஸ் வந்துவிடும். போன ஈஸ்டருக்கு மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் ஐவி இரும்புக் கதவருகே வந்து நிற்பாள். "ஊதுங்க" என்பாள். அவர் கொஞ்சம் குனிந்து ஊதுவார். அவள் விலகி வழிவிடுவாள். தெருவில் யாராவது இருந்தால் கொட்டாவி விடுகிற மாதிரி ஊதுவார். பீடோரில் கட்டிக்கொடுத்த மகள் ட்ரேசிக்குக்கூட இது தெரியாது.

இன்னொரு தடவை என்றால் நான் பீடோருக்குப் போய்விடுவேன் என்று ஐவி ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் மரியஜோசப் அதை நம்பினார்.

"ட்ரேசிக்குப் போடுறேன்," என்று இப்போது போனை எடுத்தாள். "சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"ஐவி, சொல்றதக் கேளு..."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரேசி எடுக்கவில்லை. அதற்குள் வாசலில் வேன் ஹார்ன் கேட்டது. தூண்டில் கழிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஐயாவு பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே அடுப்படிக்கே வந்துவிட்டார். லோரி ஓட்டி ஓய்ந்தவர். மரியஜோசப்புக்கு எஸ்டேட்டு நாளிலிருந்து கூட்டாளி.

"ஆஹா! வாசம் ரோட்டு வரைக்கும் வருதே, மச்சான்! இன்னிக்கு ரோகு மீனு வரிசையில நிக்கப் போவுது!"

யாரும் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, டீ கீ இருக்கா?"

"இல்ல."

"ஐயாவு, நீயே சொல்லுலா," என்றார் மரியஜோசப். "உம்பான நாக்குல வச்சுப் பாக்குறது உண்டா, இல்லையா?"

"உண்டு, உண்டு. நானும் பாப்பேன். நாக்குல சுருக்குன்னு இருக்கணும். இல்லன்னா ரோகு திரும்பிக்கூடப் பாக்காது."

"ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல குடிச்சவங்க," என்றாள் ஐவி. "ஒரே மாதிரிதான் சொல்லுவீங்க."

ஐயாவு கழிகளைச் சுவரில் சாய்த்தார். "தங்கச்சி, நான் குடிக்கிறவன். இல்லன்னு சொல்லல. ஆனா இவரு முன்னாடி தொடுறதில்ல. எங்கம்மா மேல ஆணை."

"கள்ளு வாசம் இந்த அடி அடிக்குதே, இதுல ஊத்துன கள்ளு யாரு குடுத்தா?"

"இவன்தான்," என்றார் மரியஜோசப், சட்டென்று.

ஐயாவு அவரைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

ஐவி வாளியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்தாள்.

"சரி, நானும் வாரேன்."

"எங்க?" இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"மீன் பிடிக்க. வாளி முழுக்க மீனுக்குத்தானே? மீனு திங்கிறத நான் என் கண்ணால பாக்கணும்."

வேனில் முன்சீட்டு அவளுக்கு. வாளி சரிந்துவிடாமல் இருக்க அதை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். கோப்பெங் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஐயாவு, "மூடிய அமுக்கிக்கோங்க தங்கச்சி," என்றார். மரியஜோசப் பின்சீட்டில் கழிகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோயிலுக்கு உடுத்தும் பாவாடையின் ஓரத்தில் தவிடு ஒட்டியிருந்ததை ஐவி பாதி வழியில்தான் கவனித்தாள்.

அந்தக் காலத்தில் ஈயம் எடுத்த குட்டை அது. இப்போது தண்ணீர் நிறைந்து, பச்சையாக, எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் கிடந்தது. கரையில் லாலாங் புல்லை மிதித்து ஆட்கள் உட்காரும் இடங்கள் இருந்தன. ஐயாவு மடக்கு நாற்காலியை விரித்து ஐவியை உட்கார வைத்தார்.

மரியஜோசப் வாளிக்குப் பக்கத்தில் குந்தினார். ஒரு கை அள்ளி, அழுத்திப் பிடித்து, கொழுக்கட்டை மாதிரி உருட்டி எறிந்தார். உருண்டை நேராகப் போய் விழுந்தது. இன்னொன்று, அதே இடத்தில். இன்னொன்று, அதே இடத்தில்.

"தளர்வாப் புடிச்சா காத்துலயே உதிர்ந்துரும்," என்று ஐயாவு ஐவிக்கு விளக்கினார். "ரொம்ப இறுக்குனா கல்லு மாதிரி போயிரும், கரையாது. மச்சான் கை அப்படியே அளவா இருக்கும் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் உருண்டைகள் விழுந்த இடத்தில் நுரைக் குமிழி எழும்பியது. ஒரு வால் தண்ணீரைப் புரட்டிவிட்டு உள்ளே போயிற்று.

"வந்துருச்சா?" ஐவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"வந்துருச்சு. மெல்லப் பேசுங்க."

அவளுக்கே சிரிப்பு வரப்பார்த்தது. உண்மையிலேயே மீன்தான் தின்கிறது. காலையில் கத்தியது அதிகமோ என்று நினைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

எறிவதற்கு முன்னால் அவர் கை மூக்கருகே போனது. மூக்கைச் சொறிகிறார் என்று முதலில் நினைத்தாள். அடுத்த உருண்டைக்கும் போனது. அதற்கடுத்ததற்கும். அள்ளுவார், உருட்டுவார், மூக்கருகே கொண்டுபோவார், கண் கொஞ்சம் மூடும், பிறகு எறிவார். ஐயாவும் இரண்டு உருண்டை எறிந்தார். அவர் கை நேராக வாளியிலிருந்து தண்ணீருக்குப் போனது.

ஐவி எழுந்து, தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்த ஐயாவு பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, கள்ளு ஊத்தலன்னா மீனு வராதா?"

"ஏன் வராது? பழைய ரொட்டி, தவிடு, கொஞ்சம் சக்கர. வெயில்ல வச்சா அதுவாப் புளிச்சிரும். நான் அப்படித்தான் செய்வேன்."

"பின்ன எதுக்குக் கள்ளு குடுத்தீங்க?"

ஐயாவு நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினார்.

"அண்ணே."

"அவருதான் கேட்டாரு, தங்கச்சி," என்றார், நூலை எடுத்துவிட்டு. "வேணாம்னேன். மீனுக்குத்தானே மச்சான்னாரு. எனக்கும் புத்தி இல்ல. வாங்கிக் குடுத்துட்டேன்."

ஐவி திரும்பி நடந்து வாளிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். அவர் கையில் ஒரு உருண்டை இருந்தது.

"ஐயாவு அண்ணன் குடுத்தாருன்னு சொன்னீங்க."

"குடுத்தான்லா."

"கேட்டது யாரு?"

மரியஜோசப் தண்ணீரைப் பார்த்தார். "நான் குடிக்கல, ஐவி."

"அதக் கேக்கல."

"ஒரு சொட்டுகூட..."

"அதக் கேக்கலங்க. எதுக்கு ஒவ்வொரு உருண்டையையும் மோந்து மோந்து பாக்குறீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். அது மூக்குக்குப் பாதி வழியில் நின்றிருந்தது. மெல்ல முழங்கால்மேல் இறக்கி வைத்தார்.

"தெரியல," என்றார். உருண்டையை உள்ளங்கையில் ஒருமுறை திருப்பினார். "தெரியும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எப்படியோ சொல்லுங்க."

"சாயங்காலம் ஆனா இந்தக் கைக்கு வேல இல்ல, ஐவி. சும்மா இருக்க மாட்டேங்குது. உருண்டை புடிச்சா அடங்குது. வாசம் மட்டும் இருந்தா போதும், குடிக்க வேணாம்னு நெனச்சேன். மீனுக்குத்தானே, யாருக்கு நட்டம்னு."

"மோந்து பாத்தா அடங்குதா, கூடுதா?"

"மொதல்ல அடங்குச்சு."

"இப்ப?"

"இன்னிக்குக் கூடுச்சு." குரல் இறங்கிப்போனது. "நாக்குல வச்சேன்ல. துப்பினேன். சத்தியமாத் துப்பினேன். ஆனா துப்புறதுக்கு முன்னாடி... கொஞ்ச நேரம் வச்சிருந்தேன்."

குடித்திருந்தால் என்ன சொல்வது என்று ஐவி வேனில் வரும்போதே தயார் செய்திருந்தாள். குடிக்கவில்லை என்றால் சொல்லவும் இரண்டு வார்த்தை வைத்திருந்தாள். இதற்கு எதுவும் இல்லை. குட்டையில் மறுபடியும் ஒரு வால் புரண்டது. அவள் பாவாடையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு வாளிக்கு முன்னால் குந்தினாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு அள்ளினாள்.

எறிந்தாள். அது காற்றிலேயே உதிர்ந்து கரையோரம் கொட்டியது. மறுபடி அள்ளினாள், எறிந்தாள். இந்தத் தடவை தண்ணீரில் விழுந்தது. எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அள்ளி அள்ளி எறிந்தாள்.

"ஐயோ தங்கச்சி! தங்கச்சி!" ஐயாவு கழியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "இப்படிப் போட்டா மீனுக்கு வயிறு நெறஞ்சிரும்! அப்புறம் தூண்டில எப்படிக் கடிக்கும்?"

"கடிக்க வேணாம்."

"கடிக்க வேணாமா? விடியக்காலையில எழுந்து வந்திருக்கேன்!"

"விடுலா ஐயாவு," என்றார் மரியஜோசப். "போடட்டும்."

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க! நான் போன வாரமே நாலு பேருகிட்ட மீன் தாரேன்னு சொல்லி வச்சிருக்கேன்!"

"மார்க்கெட்டுல வாங்கிக் குடு."

மரியஜோசப் கையிலிருந்த உருண்டையை ஐவி கைக்கு மாற்றினார். அவள் எறிந்தாள். அடுத்ததை உருட்டினார். கை மேலே எழும்பியது. அவள் அதையே பார்த்தாள். அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். வாங்கி எறிந்தாள். "கொஞ்சம் மேல தூக்கி எறி," என்றார் ஒருமுறை. "எனக்குத் தெரியும்," என்றாள். வாளியின் அடி தெரிகிற வரைக்கும் அப்படியே போனது. குட்டை முழுக்க மீன் புரண்டது. ஐயாவு நாற்காலியில் உட்கார்ந்து, இவ்வளவு மீனை ஒரே இடத்தில் பார்த்ததில்லை, ஒன்றையும் பிடிக்கவும் முடியவில்லை என்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தார்.

வாளியைக் கழுவும்போது ஐவியின் போன் அடித்தது. ஈரக் கையோடு விரல் நுனியால் எடுத்தாள்.

"என்னம்மா, காலையில கூப்புட்டீங்களா?" ட்ரேசியின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

மரியஜோசப் கழிகளில் நூலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஒண்ணுமில்ல. மீன் பிடிக்க வந்திருக்கேன்."

"யாரு, நீங்களா?"

"ஆமா."

"அப்பா எங்க?"

"இங்கதான். பக்கத்துல இருக்காரு."

"ஏதாச்சும் கெடச்சுதா?"

"எங்க! எல்லாம் தின்னுட்டுப் போயிருச்சு."

ட்ரேசி சிரித்தாள். "பீடோருக்கு எப்பம்மா வாரீங்க?"

ஐவி கழிகளோடு நின்ற புருஷனைப் பார்த்தாள். "பாப்போம்," என்றாள்.

திரும்பும்போது வெற்று வாளி பின்னால் உருண்டு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. வாசலில் இறக்கிவிட்டு ஐயாவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அடுத்த வாரம் உம்பான நான் கலக்கிட்டு வாரேன், மச்சான். வெறும் ரொட்டி, தவிடு. தங்கச்சி, நீங்க வீட்டுலயே இருங்க, ஆமா!"

வேன் போயிற்று. ஐவி பூட்டைத் திறந்து இரும்புக் கதவை முழுக்கத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கதவருகே நிற்கவில்லை. பூந்தொட்டிப் பக்கமிருந்த குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டாள். மோந்து பார்த்தாள். கள்ளு வாசம் போகவில்லை. மறுபடியும் சோப்புப் போட்டாள்.

மரியஜோசப் வாளியும் கழிகளுமாக, திறந்து கிடந்த கதவுக்கு வெளியே அப்படியே நின்றார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தியிருந்த காடியைக் கழுவிக்கொண்டிருந்தார். மரியஜோசப் வழக்கமாகக் குனியும் அளவுக்குக் கொஞ்சம் குனிந்தே நின்றிருந்தார். ஐவி குழாயை மூடவில்லை, திரும்பவும் இல்லை.

"ஐவி... இன்னிக்கு ஊதச் சொல்லலியே?"