அந்தோனியாருக்கு நேர்ந்த முதற்பாடு

கொஞ்சம் அளந்து பேசியிருக்கலாம் அம்புறோஸ். புது வலை இறக்குகிறவர்கள் முதற்பாட்டில் படுகிற மீனைப் புனித அந்தோனியாருக்கு நேர்வது எழுவைதீவில் வழக்கந்தான். கோயில் வளவில் சமைத்து ஊரே பகிர்ந்து சாப்பிடும். இவனோ கோயிலில் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் நின்று, "எது பட்டாலும் உமக்குத்தான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டான்.

பட்டது கடற்பசு.

விடிந்து வலை இழுக்கப் போனவன் முதலில் சுறா என்றுதான் நினைத்தான். மெல்ல மெல்ல இடுப்பளவு தண்ணிக்குக் கொண்டுவந்து பார்த்தால், வள்ளத்தில் பாதி நீளத்துக்கு ஒரு சாம்பல் உடம்பு, வலை வரிந்து சுற்றினபடி கிடக்கிறது. மூக்கை மட்டும் மேலே நீட்டிப் 'புஸ்' என்று மூச்சு விட்டது.

ஊர் சும்மா இருக்குமா? சருவச்சட்டியும் கத்தியுமாகக் கரை நிறைந்துவிட்டது. அவன் மனிசி கிறேஸ் மட்டும் போனை எடுத்துப் பிரியவதனியைக் கூப்பிட்டாள். அருகிவரும் கடலுயிர்களைக் காப்பாற்றச் சொல்லி ஊர் ஊராகப் படம் காட்டித் திரிகிற பிள்ளை அது. போன மாதம் இங்கேயும் கூட்டம் வைத்தாள். வந்தது ஆறு பேர். இரண்டு பேர் நித்திரை. ஒருவர் கடற்பசு இறைச்சியின் ருசியை விசாரித்தார்.

"வலையை வெட்டி விடுங்கோ அண்ணை, மூக்கு தண்ணிக்கு மேலை நிக்கட்டும்," என்றாள் பிரியவதனி போனில். "நான் அடுத்த படகிலை ஊர்காவற்றுறையிலையிருந்து வாறன்."

வெட்டுவதா? மூன்று வலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வாங்கின நாலாவது வலை.

"டேய், நேர்ந்ததை விட ஏலாது," என்றார் கோயில் மூப்பர் இன்னாசித்தம்பி. "அந்தோனியாருக்கு என்ன சொல்லப் போறாய்?"

அப்போதுதான் வலைக்கு வெளியே இன்னொரு 'புஸ்'. சின்னது. ஒரு குட்டி தலை நீட்டி மூச்சு விட்டுத் தண்ணிக்குள் தாண்டது. வலைக்குள் கிடந்த தாய் உடம்பை முறுக்கித் திரும்பித் தானும் மூச்சு விட்டது. குட்டி திரும்ப வந்தது. தாயும் திரும்ப மறுமொழி சொன்னது.

"மூப்பர்," என்றாள் கிறேஸ், "அந்தோனியார் மீனுக்குப் பிரசங்கம் வைச்ச மனுசன். அவர் இதைத் தின்னக் கேப்பாரோ?"

அம்புறோஸ் கத்தியோடு இறங்கினான். கண்ணி கண்ணியாகத் தன் வலையைத் தானே அறுத்தான்.

அறுத்தும் தாய் அசையவில்லை. களைத்துப் போயிருந்தது. தண்ணி வேறு வற்றிக்கொண்டிருந்தது, வயிறு மணலில் பட்டுவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினவர் இன்னாசித்தம்பி. பிறகு ஆர் நின்றார்கள்? சட்டிகளைக் கரையில் போட்டுவிட்டு எல்லாருமே தண்ணிக்குள். வெட்ட வந்த கைகள் வயிற்றுக்குக் கீழே போய்த் தாங்கின. தலைப்பக்கம் நின்ற அம்புறோசை அந்தச் சின்னக் கண் பார்த்தது. பெரிய மூச்சொன்று, இளஞ்சூடாய், அவன் முகத்தில் பட்டது. வால் ஒருதரம் அடித்தது. தாய் குட்டியோடு போய்விட்டது.

மத்தியானம் பிரியவதனி வந்தபோது கோயில் வளவில் நிற்க இடமில்லை. நான் பிடித்தேன், நான் தள்ளினேன் என்று ஆளுக்கு ஆள் கதை. கொண்டுவந்த படங்களை விரிக்கவே அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. சத்தம் கொஞ்சம் அடங்கின பிறகு அம்புறோசைப் பார்த்துக் கேட்டாள்:

"நாலு வருசமா இதைப் பற்றித்தான் கதைச்சுத் திரியிறன் அண்ணை. உயிரோடை ஒண்டைக்கூட நான் கண்டதில்லை. மூச்சு விடேக்கை எப்பிடி இருந்தது?"

அம்புறோஸ் உப்புப் பூத்துக் கிடந்த வலக்கன்னத்தைக் காட்டினான்.

"இதிலைதான் பட்டது, தங்கச்சி," என்றான். "இன்னும் முகம் கழுவேல்லை."