மூன்றாவது கடை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்குத் தோன்றிய கதை இல்லை, என்னிடம் கேட்டு வாங்கியது. கேட்டவள் என் அக்கா. அவள் கேட்டதும் கதையை அல்ல, ஒரு பியர் கடையை. "நீதான் இல்லாததை இருக்கற மாதிரி எழுதுவியே, ஒரு கடையை எழுதிக் கொடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதிலேயே ஒரு மனிதர் முழுதாக நம்பியது அதை ஒன்றைத்தான். இத்தனைக்கும் அது ஒரு பக்கம்கூட வராது.

இப்போது அந்த ஒரு பக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நகரமாட்டேன் என்கிறது.

2

தொடக்கங்கள்:

"மாமாவுக்கு நாக்கில் புண் வந்தபோது எல்லோரும் வைட்டமின் குறைவு என்றுதான்—"

(விட்டேன். நோய்க் கதை என்று தெரிந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானாக இருந்தால் புரட்டியிருப்பேன்.)

"வருடத்துக்கு ஒரு முறை அந்தக் குடும்பம் ஏதாவது ஒரு நகரத்துக்குப் பியர் குடிக்கப் போகும்."

(உண்மைதான். ஆனால் குடிகாரக் குடும்பம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். மாமா ஒரு கிளாஸுக்கு மேல் தொட்டு நான் பார்த்ததில்லை.)

"சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. மழை—"

(மழையே பெய்யவில்லை. வழி தெரியாத எழுத்தாளர்கள்தான் மழையைக் கூப்பிடுவார்கள்.)

போகட்டும், நேராகவே சொல்கிறேன். மாமா என்றால் அக்காவின் கணவர். கண் கண்ணாடிக் கடைக்காரர். கடையில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி வச்சது தெளிவா இருக்கா?" என்று பொறுமையாகக் கேட்பார். வீட்டில் குழம்பு ருசி பார்க்கும்போதும் அதே கேள்விதான். அவர்களுக்கு ஒரே மகள். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் வயதிலும் அவள் பெயர் பாப்பாதான். நான் அவளுக்குச் சித்தி. நால்வரும் வருடம் ஒரு முறை ஏதாவது ஓர் ஊருக்குப் போய் ஓர் இரவு தங்கி வருவோம். பகலில் ஊர் சுற்றல், இடையிடையே மூன்று பியர் கடைகள். சொந்தமாகக் காய்ச்சி ஊற்றுகிற நல்ல கடைகளாகப் பார்த்துப் போவோம். ஒவ்வொரு கடையிலும் ஒரே கிளாஸ், அது நான்கு கை மாறும். முதல் வாய் குடிக்கும்போது யாரும் பேசக் கூடாது. தன் முறை வந்ததும் அக்கா "சோப்புத் தண்ணி" என்று முகத்தைச் சுளித்துவிட்டு அதையும் விழுங்குவாள்.

முதல் இரண்டு கடைகளை எல்லோரும் சேர்ந்து சண்டை போட்டுத் தேர்ந்தெடுப்போம். மூன்றாவது கடை மட்டும் ஒருவர் பொறுப்பு. வருடத்துக்கு ஒருவர் முறை. அவர் கடையின் பெயரையும் முகவரியையும் சொல்லக் கூடாது, மற்றதெல்லாம் சொல்லலாம். சொல்லிச் சொல்லி மற்றவர்களை ஏங்கவைக்க வேண்டும். இந்த விளையாட்டை உண்டாக்கியவர் மாமா. தன் கழுத்துக்கே அது சுருக்காகும் என்று யார் நினைத்தார்கள்?

[காலம் பற்றி ஒரு குறிப்பு: நடந்ததையெல்லாம் நடந்து முடிந்ததாகவே எழுதுகிறேன். கதைகளில் அதுதான் வழக்கம். அதற்கு மேல் அதில் அர்த்தம் தேட வேண்டாம்.]

3

அந்த வருடம் அக்காவின் முறை.

அந்த வருடம்தான் மாமாவுக்கு நாக்கில் புற்று என்று சொன்ன டாக்டர், நாக்கை எடுத்துவிட வேண்டும் என்றார். பாதி கீதி இல்லை, முழுவதும். எடுத்தால் பேச்சு போகும், ருசி போகும், உயிர் நிற்கும். எடுக்காவிட்டால் பேச்சும் ருசியும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான். தள்ளிப்போட்டால் பிறகு ஆபரேஷனுக்கும் வழியிருக்காது. மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு சைகையிலயா கேக்கறது? வேணாம்மா. இருக்கறவரைக்கும் வாயோட இருந்துட்டுப் போறேன்."

அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அக்கா அழுதாள், கத்தினாள், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் குழாயைத் திறந்துவிட்டாள், வெளியே கேட்காமல் இருக்க.

"இந்தத் தடவை போற ஊர்லதான் இந்த ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டர் இருக்காரு. பெட் சொல்லி வச்சிட்டேன். முதல் ரெண்டு கடை நெஜம். மூணாவது கடைன்னு சொல்லி நேரா ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்திடுவேன். பாப்பா முன்னாடி முடியாதுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போக மாட்டாரு."

"அக்கா, இது ஏமாத்து வேலை."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்றாங்க. ஒரே ஒரு பொய் சொல்லி என் புருஷனை நான் காப்பாத்தக் கூடாதா?"

நான் குழாயை மூடப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"நானா சொன்னா உளறிடுவேன்" என்றாள். "நீ எழுதிக் கொடு. நான் பாத்துப் படிச்சிடறேன்."

4

நான் எழுதிக் கொடுத்தது இது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை:

"செருப்புத் தைப்பவர் கடைக்குப் பக்கத்தில் படி இறங்கிப் போக வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. கடைக்காரி ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். என்ன வேண்டும் என்று கேட்க மாட்டாள். முகத்தைப் பார்த்து அவளே ஊற்றித் தருவாள். பியர் கறுப்பு. ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கடித்ததுபோல ஒரு வாசம். நுரை அதிகம் இராது. கசப்பு நாக்கின் நுனியில் வந்து நின்றுவிட்டுத் தானாகவே விலகிப் போகும். தொண்டையை உரசாமல் இறங்கும்."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். சில மாதங்களாக மாமா தண்ணீர் குடிக்கும்போதே கழுத்தைப் பிடித்துக்கொள்வார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவருடைய வலிக்கு அளவெடுத்துத் தைத்த கடை அது. எழுதி முடித்ததும், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், 'நன்றாக வந்திருக்கிறதே' என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அக்கா சாப்பாட்டு மேசையில் அதைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொரு தடவை படி" என்றார்.

5

இங்கே கதாபாத்திரங்களைப் பற்றி ஒரு சந்தேகம். அக்காவை நீங்கள் கல்நெஞ்சுக்காரியாக எடுத்துக்கொள்வீர்களோ என்று பயமாக இருக்கிறது. அவள் அழும் காட்சி ஒன்றைச் சேர்க்கலாமா என்று பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மாமாவின் பனியனை முகத்தில்—

வேண்டாம். அவளுக்கு நான் வக்கீல் இல்லை. தவிர, திட்டம் போட்ட பிறகு அவள் அழவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தேவையான துண்டு, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் பெட்டியின் அடியில் வைத்து, மேலே ஊர் சுற்றப் போட்டுக்கொள்ளும் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவுக்கு அப்பாவின் நோய் தெரியும், திட்டம் தெரியாது. அவளும் கடையை நம்பினாள். ஒரு நாள் போனோடு வந்தாள்.

"சித்தி, செருப்புக் கடை பக்கத்துல படி இறங்கற மாதிரி அந்த ஊர்ல ஒண்ணுமே காட்டலியே?"

"ஏய், முகவரி தேடக் கூடாதுன்னு தெரியாதா? ஆட்டத்தைக் கெடுக்காத."

"அப்பா நேத்து ரெண்டு இட்லி முழுசா சாப்பிட்டாரு சித்தி. அந்தக் கடைக்குப் போற வரைக்கும் உடம்பு தாங்கணுமாம். அதான் எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு..."

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு ஒரு மனிதரைச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தது.

6

இந்தப் பகுதியைத்தான் அதிக தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக எழுதிவிடுகிறேன், அதனாலேயே கிழித்துவிடுகிறேன். இந்தத் தடவை நடந்ததை மட்டும்.

பயணத்துக்கு முந்தைய நாள் மாமாவின் கடைக்குப் போயிருந்தேன். என் கண்ணாடி மூக்கில் சரிந்துகொண்டே இருந்தது. வாங்கிச் சின்னத் திருப்புளியால் முடுக்கினார். கண்ணாடி இல்லாததால் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"உங்கக்கா படிச்சது உன் எழுத்துதானே?"

கண்ணாடிக்காகக் கை நீட்டினேன், அவர் தரவில்லை.

"அவளுக்கு 'உரசாமல் இறங்கும்'னெல்லாம் வராதும்மா. ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம போயிப் பாத்துட்டு வந்திருக்கீங்க. சரிதானே?"

"ஆமா மாமா" என்றேன். சொன்னது நான்தான்.

"ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லாத. அந்தக் கடையில ஒரே ஒரு கிளாஸ். வலிக்காம, கடைசியா ஒரு தடவை, ஒழுங்கா ருசிச்சுட்டேன்னா போதும். அங்கேயே உட்கார்ந்து அவகிட்ட சொல்லப்போறேன், ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். அது கெடைக்காம போனா எனக்கு மனசு வராது. அது எனக்கே தெரியுது."

கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டு, "இப்ப தெளிவா இருக்கா?" என்று கேட்டார்.

யாரும் ஏமாற்றியிருக்கவே வேண்டாம். அந்தக் கடை மட்டும் இருந்தால் போதும், அவராகவே ஒத்துக்கொண்டிருப்பார். பொய் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டு, கூலிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றது.

அவர் சொல்லாதே என்றதை மீறி அக்காவிடம் சொன்னேன். அவள் குளியலறையில் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்:

"ஏன்டி அவ்வளவு நல்லா எழுதினே?"

7

முடிவுகள். மாமா பாணியில் ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டுகிறேன், எது தெளிவு என்று பாருங்கள்.

அ. வீட்டிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது. அரைப் பக்கம் எழுதினேன். அதில் மாமா கோபப்படவே இல்லை. "அப்ப அப்படி ஒரு கடையே இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து படுக்கப் போய்விடுகிறார். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

ஆ. அதே மாதிரி ஒரு கடையைக் கண்டுபிடிப்பது. இதை எழுதிப் பார்க்கவில்லை, செய்தே பார்த்தேன். அந்த ஊர்க் கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். "நுரை இல்லாத பியரா? நுரை இல்லாட்டி அது எதுக்கும்மா பியரு?" என்றார் ஒருவர். இன்னொருவர், "தொண்டையை உரசக் கூடாதுன்னா பாயசம் குடிங்க" என்று வைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இ. அக்காவின் முடிவு: "வாசல்ல வச்சுப் பாத்துக்கலாம்."

ஈ. படி இறங்கிப் போகிறோம். கடைக்காரி மாமாவின் முகத்தைப் பார்க்கிறாள். இதை முழுவதுமாக எழுதி வைத்திருக்கிறேன். நான் எழுதியதிலேயே அழகான பக்கம். அதை இங்கே சேர்க்கப்போவதில்லை. ஒரு முறை செய்தது போதும்.

8

முதல் கடையில் கூட்டம். மாமா ஒரு வாய் குடித்தார். நாங்கள் மூவரும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவர் கண்ணில் நீர் வந்தது. எரிச்சல். கிளாஸை மெல்ல அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா குடித்தாள், சோப்புத் தண்ணி என்று சொல்லவில்லை.

இரண்டாவது கடையில் அவர் குடிக்கவே இல்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுப் பாப்பாவிடம் கொடுத்தார்.

"வலிக்குதாப்பா?"

"சேச்சே. மூணாவதுக்கு நாக்கை மிச்சம் வைக்கறேன்."

பாப்பா சிரித்தாள், மாமாவும் சிரித்தார். அந்த மேசையில் அன்று சிரித்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

பிறகு கார். அக்கா ஓட்டினாள். மாமா முன்சீட்டில், புதுச் சட்டையில், தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி. பின்னால் பாப்பாவும் நானும். ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலில் வண்டி நின்றது. அந்தக் கட்டடம் அங்கிருந்தே தெரிந்தது. மாமா அதைப் பார்க்கவில்லை. தெருவோரத்தில் செருப்புத் தைப்பவரைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீ குடிச்சுப் பாத்தேல்ல? நெஜமாவே தொண்டையை உரசாதா? உள்ளதைச் சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அக்காவின் கண்கள் என் மேல் இருந்தன. பாப்பாவும் ஆசையோடு என் பக்கம் திரும்பினாள்.

விளக்கு மாறுவதற்குள் நான் ஏதோ ஒன்று சொன்னேன். அதை எழுத மாட்டேன். அக்காவிடம் கேட்டால் அவள் ஒரு விதமாகச் சொல்வாள். பாப்பா இப்போது என்னோடு பேசுவதில்லை. மாமாவிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆபரேஷன் நடந்திருந்தால் அவரால் பேச முடியாது. நடக்காமல் போயிருந்தாலும் அவரால் பேச முடியாது.

இரண்டில் எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சும்மா எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அந்தப் பின்சீட்டில் என் இடத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். அவர் கழுத்து வலிக்கத் திரும்பி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் அவருக்குப் பதில் சொல்லுங்கள்.