மேலே தூவிய நெல்

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. நன்னிலத்துக்குக் கிழக்கே, நெல் கொள்முதல் நிலைய வாசலில், குத்தகை நிலத்தில் அமிர்தம் விளைவித்த குறுவை நெல் அம்பாரமாகக் கிடந்தது. மேலே புதிய நீலப் படுதா. அதை வாங்கிய ரசீதில் மாநிலத்துக்குப் பாதி, ஒன்றிய அரசுக்குப் பாதி என்று வரி அச்சாகியிருந்தது. அந்தப் பங்கீட்டுக்கு எந்தக் குழுவும் வரவில்லை; எந்த உத்தரவும் காத்திருக்கவில்லை. நெல்லுக்குத்தான் காத்திருப்பு!

"ஈரம் பதினேழு சதத்தைத் தாண்டினா நான் எடை போட முடியாதுக்கா," என்றார் நிலையத்து எழுத்தர் தமிழரசன். "இருபத்திரண்டு வரைக்கும் வாங்கலாம்னு டெல்லி சொல்லணும்."

"நிலையம் யாரோடது தம்பி?"

"ஸ்டேட்டோடது."

"நெல்லுக்குப் பணம்?"

"சென்ட்ரலோடது."

"முளைச்சுப் போனா?"

தமிழரசன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "அது உங்களோடதுக்கா."

மறுநாள் ஈரத்தைச் சோதிக்க மத்தியக் குழு வருவதாகச் செய்தி வந்தது. அமிர்தம் தன் வீட்டு மின்விசிறிக்கடியில் காயவைத்திருந்த சோற்று நெல்லைப் புடைத்து எடுத்துவந்து, அம்பாரத்தின்மேல் தூவினாள்.

கணவன் வைரக்கண்ணு சிரித்தான். "பொண்ணு பாக்கவா வர்றாங்க? பவுடர் பூசுறியே!"

"அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவங்களுக்கு அழுக்கு நெல்லையா காட்டுறது? வெள்ளாமை தெரியாதவன்னு பேசமாட்டாங்க?"

வந்த அதிகாரி காலணியில் சேறு படாமல் நின்று, மேலாக ஒரு கை அள்ளிப் பொட்டலத்தில் இட்டு முத்திரை வைத்தார். அந்த நிலையத்தில் எடுத்தது அது ஒன்றுதான். நெல் நன்றாயிருக்கிறது என்று அவர் தலையசைத்தபோது அமிர்தத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து முடிவு வரும்வரை அந்தப் பெருமை இருந்தது. தமிழரசன் கைப்பேசியைப் பார்த்துப் படித்தார்: "இந்த நிலையத்து மாதிரியில ஈரம் பதினாறு. இருபத்திரண்டு வரைக்கும் தளர்வு தேவையில்லை. பழைய பதினேழுதான்."

"ஐயோ, அது என் வீட்டு நெல்லு! நான் தூவினது!"

மற்ற அம்பாரங்களுக்கருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"மறுபடி வந்து எடுக்கச் சொல்லு தம்பி."

"ஸ்டேட் எழுதணும், சென்ட்ரல் ஒத்துக்கணும், அப்புறம்தான் ஆள் வரும்."

"அதுவரைக்கும் மழையை நிறுத்தி வைக்கச் சொல்லு! அது யாரு இலாகா?"

அமிர்தம் போய்ப் படுதாவை இழுத்தாள். உள்ளிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது. ஈரத்தில் வெந்த நெல், வெளிறிய முளைகளோடு பாய்போலப் பின்னிக் கிடந்தது. வைரக்கண்ணு குனிந்து தொட்டுப் பார்த்தான். அவள் ஒரு கை பிய்த்தெடுத்து, எழுத்தரின் மேசையில், ஈரம் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் ரெண்டு பங்காப் போடு தம்பி. படுதாவுக்குப் போட்ட மாதிரியே, சரிபாதியா."

தமிழரசன் அதைத் தொடவில்லை. வெளியே மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. அமிர்தம் ஓடிப்போய், எதற்கென்று தெரியாமலே, படுதாவை இழுத்து மூடினாள்.