டம்ளரில் வெட்டிய பெயர்

தம்பி பெண்டாட்டி முத்துப்பிரியா குனிந்து காதில் அந்தப் பெயரைச் சொன்னதும் சந்திரவல்லி வெடுக்கென்று நிமிர்ந்தாள். மடியில் தம்பி மகள் மட்டும் இல்லாவிட்டால் எழுந்தே ஓடியிருப்பாள்.

"என்ன பேரு சொன்ன?"

"சூர்யகலா, மதினி."

அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. பெற்றவள் பெயரை யோசித்து வைத்துக்கொண்டு, புருஷனிடம்கூட மூச்சு விடாமல், பேர் வைக்கிற அன்று அத்தைக்காரி காதில் மட்டும் சொல்வாள். அத்தை அதைப் பிள்ளை காதில் மூன்று தடவை சொல்லிவிட்டு, வாசல்வரை கேட்கும்படி உரக்கக் கூப்பிட வேண்டும்.

சூர்யகலா சந்திரவல்லியின் மகள். மலைமேல் ஏலத்தோட்டத்து வீட்டில், அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலையில் பிறந்தாள். அதனால்தான் அந்தப் பெயர். ஏழு வயதில் காய்ச்சல் கண்டது. அப்பன் மொக்கச்சாமி தன் ஜீப்பிலேயே போட்டுக்கொண்டு இறங்கினார். போடிமெட்டு வளைவுகள் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அங்கேயும் சரி, போடியில் இந்தத் தம்பி வீட்டிலும் சரி, யாரும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. 'பாப்பா' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். பிற்பாடு வாழ வந்தவள் முத்துப்பிரியா. பாப்பா தவறிய கதை அவளுக்குத் தெரியும். பெயரை யார் சொன்னது?

"இந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?" சந்திரவல்லிக்குத் தன் குரலே யாருடையதோ போலிருந்தது.

"பரண்ல ஒரு குட்டி டம்ளரு கெடந்துச்சு மதினி. அதுல பேரு வெட்டியிருந்துச்சு. யாரோ சீருக்கு வச்ச பாத்திரம்னு நெனச்சேன். மாசமா இருக்கையில அதுலதான் பாலு குடிச்சேன். போன்ல பாத்தா சூரியனோட ஒளின்னு அர்த்தம் போட்டிருந்துச்சு. நல்லாருக்கேன்னு..."

பக்கத்தில் நின்ற தம்பி லிங்கேஸ்வரனுக்கு முகம் வெளிறிப்போனது. லீவுக்கு வரும் அக்கா மகளுக்காக அந்த டம்ளரை வாங்கிப் பேர் வெட்டியவனே அவன்தான்.

"அடியே, அது அக்கா மகளோட பேருடி!"

முத்துப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தாடி! எனக்குத் தெரியாது மதினி. வேணாம், வேற பேரு வச்சிருவோம். நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

சின்ன வயதில் போன பிள்ளையின் பெயரை யாராவது வைப்பார்களா என்று கூடியிருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

சந்திரவல்லிக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இவள் என்ன செய்வாள் பாவம்? ரெண்டு வீடும் வாயைக் கட்டிக்கொண்டு, பிள்ளையோடு பெயரையும் பரணில் ஏற்றிவிட்டன. தன் மகளுக்கு ஒரு பெயர் இருந்ததே வீட்டுக்கு வாழ வந்தவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அதுதான் அவளைப் போட்டு உலுக்கியது.

வெற்றிலையைக் குழந்தையின் காதோரம் வைத்துக் குனிந்தாள். மூன்று தடவை சொன்னாள். நிமிர்ந்து மூச்சை இழுத்து, வாசல்வரை கேட்கும்படி கூப்பிட்டாள்.

"சூர்யகலா!"

வெளியே தொப்பென்று ஒரு சத்தம். ஜீப்பிலிருந்து இறக்கிய அரிசி மூட்டையைப் போட்டுவிட்டு மொக்கச்சாமி செருப்புக்காலோடு உள்ளே ஓடிவந்தார்.

"யாரு... யாரக் கூப்ட்ட?"

"உங்க மருமகளத்தான். செருப்பக் கழத்திட்டு, கையக் கழுவிட்டு வந்து தூக்குங்க."

அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்காக் கூப்புடு" என்றார்.