கொழுந்துத் தராசில் தொங்கியவன்

வண்டிப்பெரியாற்றுக்கு மோட்டார் பஸ் புதிதாக வரத் தொடங்கிய காலம். ஊருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் தராசே தெய்வம். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தின் மூலையில் மூன்று கம்புகளை நாட்டி, நடுவில் ஓர் இரும்புக் கொக்கியோடு அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் பனியிலும் மழையிலும் பறித்த கொழுந்து அதில் ஏறும். முள் எங்கே நிற்கிறதோ, அதுவே அன்றைய உழைப்பு. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கணக்கப்பிள்ளை கழித்ததுபோக மிஞ்சியதே நியாயம். கோயிலில் சாமியைக் கேள்வி கேட்டவர்கள் அந்த மலையில் உண்டு. தராசைக் கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை. அப்படிப் பழக்கப்பட்ட சனங்கள் தங்கள் உடம்பைப் பற்றியும் அதனிடமே போய் விசாரித்ததில் வியப்பென்ன?

விசாரித்தவன் வீரபாண்டி, பெரியமுத்துக் கங்காணியின் வீட்டுச் சமையற்காரன். கூலிகளின் லயத்து வரிசைவீட்டு வாசலில் பக்கவாட்டாக நுழைகிற உடம்பு. கண்டவர்கள் கொடுத்து வைத்தவன் என்றார்கள். அவர்கள் கண்டது சதையை, காரணத்தைக் காணவில்லை. தம் கீழிருந்த கூலிகளைக் கங்காணி வதைத்த வதைக்கு, எவனாவது தம் சோற்றில் விஷம் வைப்பான் என்ற பயம் அவரை விட்டதேயில்லை. ஆகவே அடுப்பில் எது வெந்தாலும் முதல் தட்டு வீரபாண்டிக்கு. எதிரில் உட்கார்ந்து, தட்டு நிறையத் தின்று, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் உயிரோடு இருந்து காட்டவேண்டும். அதன் பிறகே கங்காணி கை நனைப்பார். உனக்குப் பசிக்கிறதா என்று வீரபாண்டியை ஒருவரும் கேட்டதில்லை. பிறருடைய பயத்தைத் தின்று பருத்த உடம்பு அது.

அந்தச் சமயத்தில் தோட்டத்துத் தபால்காரர் முதுமையால் வேலையை விட்டார். தினமும் தபால் பையை மேல் டிவிஷனுக்குச் சுமந்து ஏறவேண்டிய வேலை. ஆனால் தபால்காரன் ஆபீசின் ஆள். எந்தக் கங்காணியும் அவனைத் தொடமுடியாது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை உண்டு. அந்த வில்லைக்கு ஆசைப்பட்டான் வீரபாண்டி. ஆபீஸ் வாசலில் போய் நின்றான்.

தலைமைக் கிளார்க் துரைசுவாமி பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து வந்தவர். குடைக்கம்பிபோல் மெலிந்த தேகம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"நீயோ? நோக்கு எந்தினாடா இந்த ஆசை? முதல் வளைவு தாண்டறதுக்குள்ள பையும் நீயும் சேர்ந்து உருண்டு பெரியாத்துல கிடப்பேள்."

"ஏறிருவேன் சாமி."

"வாயால ஏறினா ஆச்சா? தேகத்தைக் கொறைச்சுண்டு வா." கிளார்க் களத்துக்கு நடந்து, தராசின் வட்ட முகத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். "முள்ளு இதுக்குக் கீழ நின்னா மதி, போரும். வேலை நோக்குத்தான். மனசிலாச்சோ?"

வீரபாண்டி மாரியம்மனுக்கு விரதம் என்று அறிவித்தான். கூலிகளின் விஷத்துக்கு அஞ்சுகிற கங்காணி அம்மனுக்கும் அஞ்சுவார்.

"அம்மன் காரியம்னா சரிலே. விரதம் முடிஞ்ச அன்னைக்கே தட்டு முன்னால வந்து உக்காந்துரணும்" என்றார். அதுவரை ஒரு பூனையைப் பிடித்து வந்து அதற்கு முதல் தட்டை வைத்தார்.

வீரபாண்டி அடுப்படியில் சமைப்பான்; வாயில் எதையும் வைக்கமாட்டான். கஞ்சித் தண்ணீரும் நீர்மோருமே ஆகாரம். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், இரு கைகளாலும் கொக்கியைப் பிடித்துக் கால்களை மடக்கிக்கொண்டு வௌவாலைப்போல் தொங்குவான். பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்கள்.

"கணக்கப்பிள்ளை ஐயா, கூடைக்குக் கழிச்சீகளா?" என்று அவன் வயிற்றைக் காட்டிக் கேட்டாள் கூட்டத்தில் நின்ற அழகுத்தாய்.

"கழிச்சா மிச்சம் என்னடி இருக்கும்? மனுசனே கூடைதான்" என்றாள் அவன் மனைவி ராமுத்தாய். கொழுந்து பறிக்கிறவள், அவளும் கனத்த உடம்புக்காரி.

முள் இறங்கியது. கன்னம் ஒட்டியது, விலா எலும்பு தெரிந்தது. முள் சுண்ணாம்புக் கோட்டுக்குக் கீழே நின்ற மாலையில் களமே ஆரவாரித்தது. மறுநாள் காலை பை அவன் தோளில் ஏறியது.

முதல் வளைவில் மூச்சு அறுந்தது. இரண்டாம் வளைவில் கண் இருண்டது. வீரபாண்டி ஒரு பாறைமேல் உட்கார்ந்தான், பிறகு படுத்தான். சரிவில் பறித்துக்கொண்டிருந்த ராமுத்தாய் முதுகுக் கூடையோடு இறங்கி வந்தாள்.

"ஒடம்பு எளைச்சிருச்சுன்னு ஊரே மெச்சுச்சே. என்னய்யா, எழுந்திரிக்கவே மாட்டேங்கிற?"

"காலு கேக்கல புள்ள."

"காலுக்கு நீ என்னத்தப் போட்ட, அது கேக்கிறதுக்கு?"

தபால் பையையும் கூடைமேல் போட்டுக்கொண்டு அவளே மேல் டிவிஷனுக்கு ஏறினாள். அன்று தராசில் நிறுத்திருந்தால் கணவனைவிட அவளே கனம். பை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

செய்தி கிளார்க்கை எட்டியது. தோட்ட நிர்வாகியான பெரிய துரை சீமையிலிருந்து திரும்பும்வரை சோலை என்ற கூலியாளிடம் கிளார்க் பையைக் கொடுத்தார். "அவர் வந்ததும் ஆளை ஸ்திரப்படுத்திடணும். அதுவரை நோக்கு அவகாசம். கோடு மட்டும் அதேதான், கேட்டியா?" என்று வீரபாண்டியிடம் சொன்னார். கங்காணியோ, விரதம் எப்போது முடியும் என்று பூனையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வீட்டில் ராமுத்தாய் களியைக் கிண்டி அவன் முன் வைத்தாள்.

"பச்சை எலையப் பரண்ல வாட்டுறாக. எடை கொறையுது. அதோட விட்டுட்டா டீ ஆயிருமா? உருட்ட வேணாமா, நெருப்புல போட வேணாமா? நீ வாடுனதோட நின்னுட்டய்யா."

"தின்னா முள்ளு ஏறிருமே."

"ஏறட்டும். பைய முள்ளா சுமக்கப் போகுது?"

அன்றிலிருந்து பசித்தபோது வீட்டில் தின்றான்; கங்காணியிடம் மட்டும் விரதம் நீடித்தது. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். மலைமுகட்டுத் தேயிலைச் சரிவுகளிலிருந்து களம்வரை ராமுத்தாயின் கொழுந்து மூட்டைகளை அவனே சுமந்தான். முதலில் முழங்கால் அழுதது. அழுத முழங்கால் மெல்லப் பழகியது. பழகிய கால் பிறகு தானே மேட்டைத் தேடியது. பழைய தொப்பை திரும்பவில்லை. தொடையும் தோளும் திரண்டு இறுகின. மேட்டில் ஏறும்போதே ராமுத்தாயோடு வாயாடும் அளவுக்கு மூச்சு நீண்டது. உழைக்கிற உடம்பு என்று தன் உடம்பை அவன் முதன்முறையாக மதித்தான்.

பெரிய துரை திரும்பினார். வீரபாண்டி களத்துக்கு வந்து கொக்கியில் தொங்கினான். முள் கோட்டைத் தாண்டி நின்றது.

"போச்சு. போய் அடுப்பை ஊது" என்றார் கிளார்க். "தராசு பொய் சொல்லுமோடா?"

"பொய் சொல்லாது சாமி. ஆனா அது மலை ஏறுனதும் இல்லையே. நீங்க கூட வாங்க. வழியில எங்க நான் உக்காருறேனோ, அங்கேயே பைய வாங்கிக்கிடுங்க."

களத்துப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளார்க்குக்கு ரோஷம் வந்தது. "வரேன். என் தேகத்துக்கு இந்த மலை ஒரு படி ஆக்கும்" என்று குடையை எடுத்தார்.

முதல் வளைவுவரை அவர் கல்பாத்தித் தேர்த் திருவிழாவை வர்ணித்தார். வளைவு திரும்பியதும் தேர் நின்றது. அடுத்த வளைவுக்கு முன்பே குடையை ஊன்றி, ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் வளர்ந்த மெலிவு அது. தராசு அவரை ஆயுள் முழுதும் மெச்சியிருக்கும், மலை மெச்சவில்லை. பையோடு நின்ற வீரபாண்டிக்கு வியர்த்திருந்தது. மூச்சு சீராக இருந்தது.

"சித்த... இருடா. நெஞ்சு..."

"இருக்கலாம் சாமி. இது அட்டைக் காடு, அதான் பாக்கேன்."

கிளார்க்கின் கணுக்காலில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் அதன் உறவினர்களும் வந்துகொண்டிருந்தார்கள். வீரபாண்டி தோளைக் காட்டினான். கிளார்க் அந்தத் தோளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறந்தது முதல் தொடாத தோள்.

"அட்டை சாதி பாக்காது சாமி" என்றான் வீரபாண்டி.

சாஸ்திரங்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டிய மதில் ஓர் அட்டைக்குத் தாங்கவில்லை. கிளார்க் அவன் தோளை இறுகப் பற்றினார். ஒரு தோளில் பை, மறு தோளில் தலைமைக் கிளார்க். அவன் நிறுத்தி நிதானித்து ஏறினான். மேல் டிவிஷன் சின்ன துரை பையை வாங்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

திண்ணையில் சாய்ந்திருந்த கிளார்க் திண்டாடி எழுந்து, கோட்டுப் பையிலிருந்து பித்தளை வில்லையை எடுத்தார். "இந்தா. தராசுல போட்ட அந்தச் சுண்ணாம்புக் கோட்டை நானே அழிச்சுடறேன்." குரலைத் தாழ்த்தினார். "என் தேகம் நோக்கு மேல பட்டதை ஆர்ட்டயும் சொல்லாதே."

"தொட்டதையும் சொல்லல, மூச்சு வாங்குனதையும் சொல்லல சாமி. எறங்கையிலயும் தோளு வேணுமா?"

கிளார்க் சற்று யோசித்து, வேண்டும் என்றார்.

மாலையில் வில்லை சட்டையில் மின்ன, மறுநாளுக்கான பையோடு கங்காணி வீட்டைக் கடந்தான் வீரபாண்டி. பெரியமுத்து வாசலில் நின்றார்.

"ஏலே, எங்க போற? சோறு வெந்து ஆறுது. உள்ள வா."

"ஆபீஸ் வேலைங்கய்யா. ஒங்களுக்குக் காயிதம் வந்தா கொண்டாந்து தாரேன்" என்றான். நின்று சொல்லவில்லை, நடந்துகொண்டே சொன்னான். பாதை மேடாகத்தான் இருந்தது.